குரைக்க மாட்டேன்னு சொன்ன செம்பாயி

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சாம். அந்த ஆத்துக்கு ஒரே ஒரு பரிசல்தான். அதை ஓட்டுறவன் ராக்கியண்ணன், எருமைக்கடா மாதிரி ஆளு. யாரு ஏற வந்தாலும், "நாய் மாதிரி குரை, அப்பத்தான் ஏத்துவேன்"னு சொல்லுவான். குரைச்சா விழுந்து விழுந்து சிரிப்பான். குரைக்கலேன்னா துடுப்பாலேயே தள்ளிருவான். என்ன பண்றது, அக்கரைக்குப் போயாகணுமே.

அன்னிக்கு மழை விடவே இல்ல, காத்தும் சும்மா இல்ல, ஆறு ஏறிக்கிட்டே இருக்கு. மோர் விக்கிற செம்பாயி ஓடி வர்றா. அக்கரையில அவ மக பூவாயிக்குப் பிரசவ வலி எடுத்துருச்சு. செம்பாயிக்கு ஒரு இடத்துல நிக்க முடியல, ஆத்தைப் பாக்குறா, வானத்தைப் பாக்குறா, கையைப் பிசையறா.

முதல்ல ஆட்டுக்காரன் மாரணன் குரைச்சான், ஏறினான். அப்புறம் வைத்தியர், தலை நரைச்ச மனுஷன், அவரும் கண்ணை மூடிக்கிட்டுக் குரைச்சாரு, ஏறினாரு. அப்புறம் செம்பாயி.

"ம், குரை"ன்னான் ராக்கியண்ணன், கரையில நின்னுக்கிட்டு.

மகளுக்காகக் குரைச்சுரலாம்னுதான் அவளும் வாயைத் திறந்தா. ஆனா வைத்தியர் தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கிறதைப் பாத்ததும் அவளுக்குச் சத்தம் வரல.

"குரைக்க மாட்டேன்."

"அப்ப இங்கேயே கெட."

"கெடக்கவும் மாட்டேன். ஏறுவேன்."

துடுப்பால தள்ளினான், விழுந்தா, எந்திரிச்சு வந்தா. மறுபடி தள்ளினான், மறுபடி வந்தா. மூணாவது தடவை துடுப்பைப் பிடிச்சுக்கிட்டா.

"விடுடி."

"விட மாட்டேன்."

அவன் இழுக்குறான் கண்ணுங்களா, அவ பிடியை விடல. அப்ப வைத்தியர் என்ன பண்ணினாரு தெரியுமா? இறங்கி வந்து அவளோட சேந்து துடுப்பைப் பிடிச்சாரு. மாரணனும் வந்து பிடிச்சான். மூணு பேரும் சேந்து ஒரே இழுப்பு, துடுப்பு இவங்க கையில, ராக்கியண்ணன் சேத்துல.

அப்புறம் மாரணன் துடுப்புப் போட்டான். பரிசல் சுத்துது, தண்ணி உள்ளே வருது, செம்பாயி ரெண்டு கையாலயும் தண்ணியை வாரி வாரி வெளியே ஊத்துறா. எப்படியோ கரை சேந்து, வைத்தியரையும் இழுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடினா. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூவாயிக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு.

ஊரு கூடி, பரிசலை இனி மாரணனே ஓட்டட்டும்னு சொல்லிருச்சு. கொஞ்ச நாள் கழிச்சு ராக்கியண்ணன் அக்கரைக்குப் போகணும்னு துறைக்கு வந்தான். நம்மளையும் குரைக்கச் சொல்லுவாங்கன்னு நின்னான். பரிசல்ல இருந்த செம்பாயி கொஞ்சம் நகந்து உக்காந்து, "ஏறு"ன்னா.

அக்கரை வர்ற வரைக்கும் அவன் தலையைத் தூக்கவே இல்லையாம்.

ஆறு அங்க, பரிசல் அங்க, கதை கேட்ட கண்ணு எல்லாம் இங்க. மூடுங்க பாக்கலாம்.