ஏழாம் எண்ணுக்கு இரண்டு பதில்

முன்னொரு காலத்தில், அதாவது அரண்மனைகளுக்கு வைஃபை வந்துவிட்ட முன்னொரு காலத்தில், கடம்பலூரைக் கொற்றங்கோடன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். கோபம் எப்போது வரும், எப்போது போகும் என்று அவருக்கே தெரியாது.

அன்று காலை அது உச்சியில் இருந்தது. நண்பகலில் அயல்நாட்டு ராஜா பெரிய திரையில் தோன்றி இளவரசியின் கல்யாணத்தைப் பேசி முடிப்பதாக ஏற்பாடு. திரையோ நாலு நிமிடம் ஓடும், அப்புறம் அப்படியே நின்றுவிடும். நேற்றும் முந்தாநாளும் அயல்நாட்டு ராஜா திறந்த வாயோடு நின்றுபோனார். இன்றும் இப்படி ஆனால் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"வலை அறுந்து அறுந்து போகிறதே! வலை தெரிந்த ஆள் இந்த நாட்டில் ஒருத்தர்கூட இல்லையா?" என்று கத்தினார் ராஜா.

அரண்மனை இணையத்துக்குப் பொறுப்பு பிரதானி மேகவண்ணராயர். பழி தன் தலையில் விழப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே வாசலுக்கு ஓடி, மூன்று நாளாக மனுவோடு நின்றிருந்த அஞ்சலாட்சி என்ற பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இவளைவிட வலை தெரிந்தவர் யாருமில்லை, மகாராஜா!"

பொய்யில்லைதான். அஞ்சலாட்சி மீன்வலை பின்னுகிறவள். அவள் வந்ததோ படகுக்காக. எவனோ தன் படகில் அவளுடைய முப்பத்தொன்றாம் எண்ணை எழுதிக்கொண்டு, தடை செய்த இடத்தில் மீன் பிடித்திருக்கிறான். காவலர்கள் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, கரையில் சும்மா கிடந்த அவள் படகைப் பூட்டிவிட்டார்கள்.

"நண்பகலுக்குள் சரி செய். இல்லையென்றால் உன் படகு அரண்மனை அடுப்புக்கு விறகு" என்றார் ராஜா.

அஞ்சலாட்சி யோசித்தாள். தெரியாது என்றாலும் படகு போகும், தெரியும் என்று சொல்லிச் சொதப்பினாலும் போகும். படகு போனால் வீட்டில் ஐந்து பேருக்குச் சோறில்லை.

"இது எப்படி ஓடுதுன்னு மட்டும் சொல்லுங்க ராசா" என்றாள்.

ராஜா மூலையிலிருந்த பெட்டியைக் காட்டினார். "அந்த ரவுட்டர் இங்கே உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கும். ஐ.பி. முகவரி என்பார்கள். சேதி அந்த எண்ணைப் பார்த்துத்தான் போய்ச் சேரும். என் திரைக்கு ஏழு."

எண் என்றதும் அவளுக்குப் படகு ஞாபகம் வந்தது. "அதே நம்பரை இன்னொருத்தரும் வச்சுக்கிட்டா?"

ராயர் சிரித்தார். "மீன்சந்தை என்று நினைத்தாயா? பெட்டி ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுக்காது!"

"பெட்டி குடுக்காது சாமி. ஒருத்தர் தானா எழுதிக்கிட்டா?"

ராயரின் சிரிப்பு நின்றது. "இந்தக் கூத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை" என்று பக்கத்துக் கூடத்துக்குப் போய், வைஃபையில் தானாக ஆடும் தன் மின் ஊஞ்சலில் சாய்ந்துகொண்டார். அவர் அதை முடுக்கியதுதான் தாமதம், இங்கே திரை நின்றது.

நண்பகலுக்கு இன்னும் ஒரு நாழிகைகூட இல்லை. ராஜாவின் மீசை துடித்தது.

"ராசா, திரையோட ஒயரைப் பிடுங்கிடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"பிடுங்குங்க சாமி. அப்புறம் ஏழாம் நம்பரைக் கூப்பிடுங்க."

"திரையைப் பிடுங்கிவிட்டால் யார் பதில் சொல்வார்கள்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

ராஜா வேண்டாவெறுப்பாக ஒயரைப் பிடுங்கினார். கைப்பேசியை எடுத்து, திரையின் சத்தத்தைக் கூட்டுவதுபோல 'ஏழு, கூட்டு' என்று ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. படகு எரிகிற வாசனையே வந்துவிட்டது அஞ்சலாட்சிக்கு.

"இன்னொரு தட்டு, ராசா."

தட்டினார். மூன்றாவது முறையும் தட்டினார்.

"ஐயோ, அம்மா!"

பக்கத்துக் கூடத்திலிருந்து அலறல். ஓடிப் பார்த்தால், ஊஞ்சல் உத்தரத்தைத் தொட்டு வருகிறது! தலைப்பாகை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், ராயர் சங்கிலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். ராஜா 'குறை' என்று தட்டினார், ஊஞ்சல் அடங்கியது. ஆசைக்கு இன்னொரு முறை 'கூட்டு' என்றும் தட்டிப் பார்த்தார்.

"பெட்டி எனக்குப் பதினெட்டு கொடுத்தது, மகாராஜா" என்று ராயர் திணறினார். "ஜோசியர் ஏழுதான் ராசி என்றார். நானே கையால் ஏழு என்று போட்டுக்கொண்டேன்."

"போட்ட கையாலயே அழிங்க" என்றாள் அஞ்சலாட்சி. "பெட்டி குடுக்குற நம்பரை வாங்கிக்குங்க. ஏழு ராசா திரைக்கு மட்டும்னு பெட்டியிலயே எழுதி வச்சிடுங்க. அப்புறம் அது யாருக்கும் குடுக்காது."

ராயர் அப்படியே செய்தார். ஒயரை மாட்டினார்கள். சரியாக நண்பகலில் அயல்நாட்டு ராஜா திரையில் வந்தார், பேசினார், முக்கியமாக வாயை மூடினார். கல்யாணம் முடிவாயிற்று.

"படகை இப்போதே அவிழ்த்து விடுகிறேன்!" என்றார் ராஜா.

"வேண்டாம் ராசா. பூட்டினபடியே கெடக்கட்டும். நாளைக்குக் காலையில கரைக்கு வந்து முப்பத்தொன்னைக் கூப்பிடுங்க."

மறுநாள் ராஜாவே கரையில் நின்று, "முப்பத்தொன்றாம் எண் படகுக்கு அரண்மனைப் பரிசு!" என்று கூவினார். அவள் படகு பூட்டோடு கிடக்க, கடலிலிருந்து இன்னொரு முப்பத்தொன்று அவசர அவசரமாகக் கரையேறியது. அதில் பல்லெல்லாம் தெரிய நின்றவன் ராயரின் மச்சான்.

அஞ்சலாட்சியின் படகை அவிழ்த்துவிட்டு, மச்சானின் படகைப் பூட்டினார்கள். ராயருக்குக் கரையில் வேலை கொடுத்தார்கள். தினமும் காலை வெயிலில் நின்று படகு எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும், ஓர் எண்ணுக்கு இரண்டு பேர் பதில் சொன்னால் அன்று அவருக்குச் சாப்பாடு கிடையாது.

முப்பத்தொன்று என்று அவர் கூப்பிடும்போது அஞ்சலாட்சி உடனே வாய் திறப்பதில்லை. வேறு எங்கிருந்தாவது குரல் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பாள். அப்புறம்தான், "இருக்கேன் சாமி" என்பாள்.