கதவு வரும் தூரம்

ஆற்றங்கரையை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. அதில் ஒரு குரு இருந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள்.

திருவேங்கடமும் மூத்தவர்தான். ஆபீஸில் பெரிய உத்தியோகம். வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். கூடத்தைப் பெருக்குவார். குரு சொல்வதைக் கேட்பார். விபூதி வாங்கிக்கொண்டு போவார்.

அன்று பெருக்கி முடித்த பிறகும் போகவில்லை. குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"என்ன, நின்னுட்டே இருக்கீங்க?"

"ஒரு சந்தேகம் சாமி. கேட்டா சிரிப்பீங்க."

"கேளுங்க. சிரிக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பாப்போம்."

"வீட்டுல சுவரோட சேத்து ஒரு அலமாரி செய்யறோம். தரையிலேர்ந்து உச்சி வரைக்கும். அதுக்கு ஸ்லைடிங் கதவு போடறதா, சாதாரணமா இழுத்துத் திறக்கிற கதவு போடறதான்னு முடிவுக்கு வர முடியலை. தியானத்துல உக்காந்தாலும் அதுவே வந்து நிக்குது."

அங்கே சமையல் செய்யும் பொன்னுரங்கம் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினார்.

"ஊரெல்லாம் மோட்சத்துக்குக் கதவு எங்கேன்னு கேட்டு வருது. இவர் வேட்டி சட்டைக்குக் கதவு கேக்கறார்."

குரு சிரிக்கவில்லை. "எனக்குக் கொடிக்கயிறுதான் தெரியும். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

திருவேங்கடத்துக்கு முகம் மலர்ந்தது. "ஸ்லைடிங்னா ஒரு பக்கம் திறந்தா இன்னொரு பக்கம் மூடிக்கும் சாமி. எப்பவும் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். இழுத்துத் திறக்கிறதுன்னா ஒரே பார்வையில முழுசும் தெரியும். ஒரு கதவுல ஆளுயரக் கண்ணாடி. உள்ளே புடவைக்குத் தனித் தட்டு, சட்டை மாட்டக் கம்பி, கீழே இழுப்பறை."

"முழுசும் தெரியணும் உங்களுக்கு."

"ஆமா சாமி."

"அப்ப அதையே போட வேண்டியதுதானே?"

"திறக்க இடம் வேணும். அங்க ஒரு கட்டில் கிடக்கு."

"யாரோட கட்டில்?"

திருவேங்கடம் குனிந்து, கீழே கிடந்த ஒரு காம்பை எடுத்துக் கூடையில் போட்டார்.

"அம்மாவோடது."

அவர் அம்மா அபயாம்பாளுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணில் புரை. புருஷன் போனதிலிருந்து அந்த அறைதான். குளியலறை அறைக்குள்ளேயே இருந்ததால், சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போய்வந்துவிடுவார். ஜன்னல் வழியாகக் கோயில் மணி கேட்கும். கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"கட்டில் எங்க போகும்?"

"பின்பக்கம் ஒரு சின்ன ரூம் இருக்கு சாமி. அரிசி, பருப்பு வைக்கிறது. காலி பண்ணிடலாம்."

"குளியலறை?"

"கொல்லையில இருக்கு. படி இறங்கணும்."

"ஸ்லைடிங் போட்டா?"

"கட்டில் அங்கேயே இருக்கலாம்."

"உங்க சம்சாரம் என்ன சொல்றாங்க?"

"வேதாவா? அவ ஸ்லைடிங்கே போதும்கறா. அவளுக்கு இதெல்லாம் தெரியாது சாமி."

பொன்னுரங்கம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

குரு கீரையை ஓரமாக வைத்தார். "ஒண்ணு செய்யுங்க. கதவு திறந்தா எதுவரைக்கும் வரும்னு தரையில ஒரு கோடு போடுங்க. ஒரு நாள் பூரா பக்கத்துல இருந்து அதைப் பாருங்க. அப்புறம் வந்து கேளுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை திருவேங்கடம் வந்தார். துடைப்பத்தை எடுக்கப் போனார்.

"அது இருக்கட்டும். உக்காருங்க. கோடு போட்டீங்களா?"

"போட்டேன் சாமி. சாக்பீஸ் கிடைக்கலை. அடுப்படியில கோலமாவு இருந்துச்சு. ஒரு நூலைக் கட்டி, வளைவா அழகா இழுத்தேன். கட்டிலுக்குக் கொஞ்சம் உள்ளேயே போயிடுச்சு. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும்."

"அம்மா பாத்தாங்களா?"

"வெள்ளையா ஏதோ தெரிஞ்சிருக்கு. 'என்ன விசேஷம்பா, ரூமுக்குள்ள கோலம் போட்டிருக்கு, யார் வர்றா'ன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லைம்மான்னுட்டு ஆபீசுக்குக் கிளம்பிட்டேன்."

"பக்கத்துல இருந்து பாக்கச் சொன்னேனே."

"லீவு கிடைக்கலை சாமி. வேதாவும் அன்னிக்கு அவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தா. அம்மாவுக்குச் சாப்பாடு, தண்ணி எல்லாம் கட்டில் பக்கத்துல ஸ்டூல்ல வெச்சிட்டுத்தான் போனா. நான் சாயங்காலம் வந்து பாக்கறேன், காலை மடக்கிக்கிட்டு சுவர்ப் பக்கம் திரும்பி உக்காந்திருக்காங்க. காலையிலேர்ந்து இறங்கவே இல்லையாம்."

"ஏன்?"

"கோலத்தை மிதிக்கக் கூடாதுன்னு. அது எதுவரைக்கும் இருக்குன்னு கண்ணுக்குத் தெரியலையாம்."

திருவேங்கடமே சொன்னார்.

"சாப்பாட்டைத் தொடலை. தண்ணியும் குடிக்கலை. குடிச்சா இறங்கணுமே. இருந்தாலும் எவ்வளவு நேரம் அடக்க முடியும், வயசானவங்க. படுக்கை நனைஞ்சு போச்சு. அதுமேல துண்டைப் போட்டு மூடி, அந்தத் துண்டுமேலேயே உக்காந்திருந்தாங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இது கோலம் இல்லைம்மா, அலமாரிக் கதவுக்கு அளவுன்னு சொன்னேன். அப்புறம் அவங்களா சொன்னாங்க சாமி. 'நான் பின்னாடி ரூமுக்குப் போயிடறேன்பா. வீட்டுக்கு ஒரு நல்ல பொருள் வர்றப்ப நான் எதுக்குக் குறுக்கே'ன்னு. நான் வாயைத் திறந்து கேக்கவே இல்லை. அவங்க வாயாலேயே வந்துச்சு."

நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினவர் மாதிரி அவர் மூச்சு விட்டார்.

"வேதா?"

"அவ என்னோட பேசறதில்லை. சரியாயிடுவா."

குரு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"கோடு இன்னும் இருக்கா?"

"இருக்கு சாமி. திங்கக்கிழமை ஆசாரி வர்றார். அளவு அழியாம இருக்கட்டும்னார்."

"அம்மா எப்படிக் குளியலறைக்குப் போறாங்க?"

"ஒத்தைக் கோடுதான்னு தெரிஞ்சப்புறம், சுவரைப் பிடிச்சுக்கிட்டு, காலைத் தூக்கித் தாண்டித்தான் போறாங்க. சும்மா மிதிச்சுட்டுப் போங்கம்மான்னு சொன்னாலும் கேக்கறதில்லை. என்ன இருந்தாலும் கோலமாவாச்சேங்கறாங்க."

அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். மடியில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"நீங்க சொன்னதைச் செஞ்சுட்டேன். இப்ப சொல்லுங்க சாமி. எந்தக் கதவு போடட்டும்?"

குரு சொன்னார்.

"கோலமாவுலேயே கதவு போட்டாச்சே. இனி பலகைதான் பாக்கி."