சிவயோகம் பெயர் எழுதிய நாள்

“ரீச்சர், என்ர வேலையைப் பாக்கிற ஆக்கள் எல்லாரும் உங்கட பேரைச் சொல்லுகினம்.”

குணநாயகம் இதைச் சொன்னபோது சிற்பி சிவயோகம் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அது சந்தோசமோ, கவலையோ?”

“முதல் சந்தோசமாத்தான் இருந்தது. இப்ப நித்திரை வருகுதில்லை.”

“கண்காட்சி எப்ப?”

“வாற சனிக்கிழமை. என்ர முதல் கண்காட்சி. அதுக்குள்ள நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ.”

“தேத்தண்ணியைக் குடியுங்கோ அண்ணை. சனிக்கிழமை வாறன்.”



குணநாயகம் சிவயோகத்தை விட வயதில் மூத்தவர். ஒஸ்லோ நகரில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனாலும் அவருக்குச் சிவயோகம் ரீச்சர்தான். சிவயோகம் மாணவர் என்று யாரையும் சேர்த்துக்கொண்டதில்லை. டிராம் ஓட்டிய காலத்திலேயே குணநாயகம் ஒருநாள் அவருடைய பட்டறைக்கு வந்தார், அழுக்கு வாளிகளைக் கழுவினார். மறுநாளும் வந்தார். போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அவரை அங்கே இழுத்து வந்தது சிவயோகம் செய்த ஒரு சேலை. துறைமுகத்தில் வெண்கலச் சிலையாக நிற்கிற சேலை. உள்ளே ஆளில்லை. டிராம் அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் குணநாயகம் வேகத்தைக் குறைப்பார். பயணிகள் முணுமுணுப்பார்கள். அவர் பார்த்து முடித்துத்தான் போவார்.

அந்தச் சேலையின் கதை அவருக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் சிவயோகம் ஓவியர். சண்டையில் வீடும் படங்களும் எரிந்தபின், நோர்வேயின் வடக்கு மூலையில் ஒரு மீன் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார். பகலெல்லாம் மீன் வெட்டினார். வெளியே வந்தால் நிலமும் வானமும் வெள்ளை.

“வர்ணம் வாங்கக் காசு இருந்தது. என்ன வர்ணம் வாங்கிறதெண்டுதான் தெரியேல்லை” என்பார்.

கொண்டுவந்த ஒரே சேலையை ஒருநாள் தோய்த்து, வெளியே கொடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். திரும்பி வந்தபோது அது குளிரில் உறைந்து பலகைபோல் விறைத்திருந்தது. எடுத்துப் பனியில் ஊன்றினார். நின்றது. குனிந்து எதையோ தேடுகிற ஒரு பெண்ணைப்போல நின்றது.

உள்ளே கொண்டுவந்து, அறையைச் சூடாக்குகிற ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தார். மெல்ல மெல்ல அது முழங்கால் மடித்துத் தரையில் சரிந்தது.

“ஊரை விட்டு வந்தபிறகு அண்டைக்குத்தான் முதன்முதலா அழுதனான். அழுது முடிய, திரும்பவும் நனைச்சு வெளியில போட்டன்.”

பனி உருகிவிடும். உருகாத ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுகிற பிளாஸ்டரை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கினார். விடுதியின் குளியலறையில் வைத்துச் சேலையை அதில் தோய்த்து நிறுத்தினார். விழுந்தது. மறுபடி நிறுத்தினார். பல குளிர்காலங்கள் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கோடையில் நின்றது.

நோர்வேக்காரர் வந்து பார்த்தார்கள். இது எங்கள் கலை இல்லை என்றார்கள்.

தமிழர் வந்து பார்த்தார்கள். இது எங்கள் கலை இல்லை என்றார்கள்.

சிவயோகம் இரண்டு தரப்புக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த சேலையை நனைத்தார்.

பிறகு அருங்காட்சியகங்கள் வாங்கத் தொடங்கின. நவீன சிற்பம் என்று புத்தகங்கள் எழுதின. முதலில் நின்ற அந்தச் சேலையை வெண்கலத்தில் வார்த்துத் துறைமுகத்தில் திறந்துவைத்த அன்று ஒரு பத்திரிகையாளர் கேட்டார்: “இதற்குள் இருந்த ஆள் எங்கே?”

“வந்துகொண்டிருக்கிறா.”

முதுமையில் மறுபடி தூரிகையை எடுத்தார். ஆளுயரத் துணி முழுக்க ஒரேயொரு மஞ்சள். வடக்கே தனக்குக் கிடைக்காமல் போன வர்ணம் அதுதான் என்றார்.

அப்படிப்பட்டவரிடம்தான் குணநாயகம் கற்றார். அவர் நனைத்ததுபோல் நனைத்தார். அவர் மடித்ததுபோல் மடித்தார். சேலை, வேட்டி, சால்வை எல்லாம் குணநாயகத்தின் கையிலும் நின்றன.

சனிக்கிழமை ஆட்கள் வருவதற்கு முன்பே சிவயோகம் வந்துவிட்டார். வாசலில் குணநாயகத்தின் பெயர் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார். ஒவ்வொன்றின் முன்னும் நின்று பார்த்தார்.

“நல்லாச் செய்திருக்கிறியள் அண்ணை.”

குணநாயகத்தின் முகம் மலர்ந்தது.

சிவயோகம் கைப்பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார். முதல் சிற்பத்தின் விளிம்பில் குனிந்து, பிளாஸ்டரில் ஆழமாகக் கீறி எழுதினார்: சிவயோகம்.

குணநாயகத்துக்கு விளங்கவில்லை. அடுத்ததிலும் எழுதினார்.

“ரீச்சர்...”

“என்ன, எழுத்துப் பிழையோ?”

குணநாயகம் சிற்பத்தைப் பார்த்தார். ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்தார். எல்லாம் ரீச்சர் மடிக்கிற மடிப்பாகவே இருந்தன.

ஆணி கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசிச் சிற்பத்திலும் எழுதி முடித்தார். பிறகு யன்னல் பக்கம் திரும்பினார். யன்னல் காற்றில் அடிக்காமலிருக்க, கைக்கு அடக்கமான ஏதோ ஒரு கட்டி முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்தது. அதை நோக்கிக் கையை நீட்டினார்.

குணநாயகம் பாய்ந்து அதைப் பறித்தார்.

“இது வேண்டாம்!”

அவர் ரீச்சர் முன் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. யன்னல் படாரென்று அடித்தது.

“என்ன அது?”

“ஒண்டுமில்லை. மிஞ்சின பிளாஸ்டர். கண்காட்சிக்கு வைச்சதில்லை.”

“பிறகேன் பொத்திப் பிடிக்கிறியள்?”

குணநாயகம் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

“டிராம் ஓட்டுற பிடியை நான் இப்பிடித்தான் பிடிக்கிறனான். வேலையை விட்ட அண்டு கை சும்மா இருக்கமாட்டன் எண்டிட்டுது. ஈரப் பிளாஸ்டரை எடுத்து இறுக்கிப் பிடிச்சன். காயும்வரைக்கும் விடேல்லை.”

சிவயோகம் ஆணியைப் பைக்குள் போட்டார். வெறும் கையை நீட்டினார்.

குணநாயகம் தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

கட்டியில் விரல்கள் பதிந்த பள்ளங்கள் இருந்தன. சிவயோகம் தன் விரல்களை ஒவ்வொன்றாக அவற்றில் வைத்தார். ஒன்று பொருந்தினால் மற்றது விலகியது. திருப்பி வைத்தார். மறு கையால் வைத்துப் பார்த்தார். விழுந்த சேலைகளையெல்லாம் நிற்கவைத்த அந்தக் கைகள் நெடுநேரம் அதற்குள் இடம் தேடின.

வாசலில் ஆட்களின் பேச்சுக் கேட்டது. சிவயோகத்தின் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

கட்டியைக் குணநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய விரல்கள் தாமாகவே அதன்மேல் மூடிக்கொண்டன.

“என்ர கை இதுக்குள்ள போகேல்லை, அண்ணை.”