தேவியைக் குளிப்பாட்டப் போன மூவர்

கிரேக்க நாட்டு மலைகளுக்கு நடுவில் மெலைனா என்று ஓர் ஊர். அங்கே கழுதைகளுக்குக்கூடக் கொஞ்சம் புத்தி உண்டு, குறையெல்லாம் மனிதர்களிடம்தான். ஊர்த் தெய்வம் அதீனா, ஆள் உயர மரச்சிலை. வருஷா வருஷம் விதைப்பு முடிந்ததும் அவளை ஆற்றில் குளிப்பாட்டிப் புது அங்கி சாத்தவேண்டும். அப்போதுதான் மழை. அது பெண்கள் செய்கிற வேலை. அந்த வருஷம் பெண்கள் எல்லாரும் தானியத் தேவியின் மூன்று நாள் நோன்புக்கு மலையேறிவிட்டார்கள். பூசாரி திமண்ட்ரா மட்டும் கால் பிசகி வீட்டில் கிடந்தாள்.

லாம்போனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டிலிருந்த கடைசிப் பிடி பார்லியையும் விதைத்திருந்தான். இன்னும் இரண்டு நாள் காய்ந்தால் அவ்வளவுதான். கூட்டாளிகள் மிக்கோஸையும் பட்டோஸையும் இழுத்துக்கொண்டு பூசாரியிடம் போய், "நாங்க குளிப்பாட்டறோம்மா" என்றான்.

வேறு வழியில்லாமல் அவள் சம்மதித்தாள். "அங்கியை அவிழ்க்கறதுலேருந்து பீடத்துல நிறுத்தற வரைக்கும் கண்ணைத் திறக்கக்கூடாது, வாயையும் திறக்கக்கூடாது. குளிக்கற தேவியைப் பார்த்தவன் உருப்பட்டதில்லை."

ஆற்றங்கரையில் பட்டோஸுக்குச் சந்தேகம் வந்தது. "ஒத்தைக் கண்ணால பார்த்தா?"

"பாதி உருப்படாமப் போவே" என்றான் மிக்கோஸ்.

"எந்தப் பாதி?"

லாம்போன் வெகுநேரம் யோசித்தான். "அது தேவி இஷ்டம். நாம கேக்கப்படாது."

மூவரும் துணியைக் களைந்து கரையில் வைத்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு, தேவியின் அங்கியை அவிழ்த்து அவளோடு தண்ணீரில் இறங்கினார்கள். முதல் குடம் ஊற்றியதுமே தேவி கைநழுவினாள். மரம் அல்லவா, சத்தமில்லாமல் மிதந்து போய்விட்டாள். பிடிக்கப் பாய்ந்த பட்டோஸ் பாசியில் சறுக்கி லாம்போன் கையில் சிக்கினான். தேவிதான் கிடைத்தாள் என்று தடவியபோது பட்டோஸின் கண்கட்டுத் துணி தட்டுப்பட்டது. தேவியின் பழைய முக்காடாக்கும் என்று லாம்போன் அதை அவிழ்த்து எறிந்தான். பட்டோஸ் அலறியடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அலறலையும் மனசுக்குள்தான் வைத்துக்கொண்டான்.

மணலை அள்ளித் தேய்தேய் என்று தேய்த்தார்கள். பட்டோஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் வாயைத் திறக்கக்கூடாதே! எண்ணெய் பூசி, அங்கி சாத்தி, வழியெல்லாம் முட்டி மோதி, அவனைக் கோயில் பீடத்தில் நிறுத்திவிட்டுத்தான் இருவரும் கட்டை அவிழ்த்தார்கள்.

"தேவிக்குத் தாடி இருக்கே!" என்றான் மிக்கோஸ்.

"நூறு வருஷத்து அழுக்கு. தேய்ச்சதும் உள்ளே இருந்தது தெரியுது."

"சரி, பட்டோஸ் எங்கே?"

லாம்போன் முகம் வெளுத்தது. "பாவி, பார்த்துட்டான்!"

'இதோ இருக்கேன்' என்று சொல்லத்தான் பட்டோஸ் வாயெடுத்தான். பிறகு யோசித்தான். இரண்டு பேர், நாலு கண். அத்தனையும் பார்த்துத் தேவி என்கிறபோது, கண்ணை மூடிக்கொண்டு வந்த நாம் என்னத்தைக் கண்டோம்? தேவியாகவே நிமிர்ந்து நின்றான்.

அந்த நேரம் பார்த்து வானம் இடித்தது. மழை கொட்டியது. லாம்போன் சந்தோஷத்தில் பீடத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

அவன் எழுவதற்குள், நனைந்தபடி ஒரு மீனவன் மரச்சிலையைத் தோளில் சுமந்து வந்தான். "ஆத்துல மிதந்து வந்துச்சு. உங்க ஊருதானே?" என்று கேட்டு இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

"எங்க ஊருதான்! ஐயோ பட்டோஸ், மரமாவே ஆயிட்டியேடா!" என்று லாம்போன் கதறினான்.

"எவ்வளவு இளைச்சுட்டான்" என்று மிக்கோஸ் மூக்கை உறிஞ்சினான்.

லாம்போன் பீடத்தைக் கட்டிக்கொண்டான். "தாயே, பார்லி போனாப் போகட்டும். மழையைத் திருப்பி எடுத்துக்கோ. எங்க பட்டோஸைக் குடுத்துடு!"

பட்டோஸுக்குத் துக்கம் தாங்கவில்லை. பீடத்திலிருந்து இறங்கி, மரத்தின் தலையைத் தடவிக்கொடுத்து அழுதான்.

"நல்ல பையன். காலைல எழுப்பிடறேன், அழாதீங்க. இப்போ ஈரத்துல விறைச்சுக் கிடக்கான். ஆளுக்கு ஒரு கை பிடிங்க, கொண்டுபோய்ப் படுக்க வெச்சுடலாம். அவன் வீடு எனக்குத் தெரியும்."