பயந்து விளைந்த நெல்

அந்தக் காலத்தில் நெல்லுக்கும் வாய் இருந்தது. விளைந்து முடிக்க அரை வருஷம் எடுத்துக்கொள்ளும். கேட்டால், "எங்களுக்கு என்ன அவசரம்?" என்று திருப்பிக் கேட்கும். அப்படி ஒரு சோம்பேறிப் பயிர்!

இன்றைய வியட்நாமின் நடுவில் அப்போது சம்பா என்றொரு நாடு இருந்தது. நம்மூர் சம்பா நெல்லை இதில் இழுக்க வேண்டாம், இது வேறு. அதன் வடக்கு ஓரத்தில் பத்ரா என்ற விதவைக்கு ஒரு வயல் இருந்தது. அதற்கும் வடக்கே லீ வம்சத்து அரசர்களின் நாடு வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டே வந்தது. ஒரு போர் முடிந்தபோது பத்ராவின் ஊரும் அவர்கள் கைக்குப் போய்விட்டது.

பிடித்த நிலத்தை அந்த அரசர்கள் சும்மா போடுவதில்லை. படைவீரர்களையே குடும்பத்தோடு அனுப்பி, மூங்கில் வேலி போட்டு ஊராக்கிவிடுவார்கள். அப்படி வந்தவன்தான் லோக். வந்ததும் பத்ராவின் வயலில் எல்லைக்கு மூங்கில் முளைக்குச்சி அடித்தான்.

"அக்கா, மழைக்கு முன்னாடி நீங்க தெற்கே போயிடணும். நிக்கிற பயிர் எங்க ஊருக்கு."

"விதைநெல்லாவது எடுத்துக்கலாமா?"

"அதுக்குள்ள பழுத்தா எடுத்துக்குங்க."

லோக் கெட்டவன் இல்லை, உத்தரவு அப்படி. பயிரோ இன்னும் பச்சை. விதையில்லாமல் போனால், போகிற இடத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஏது?

பத்ராவின் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வளரும் பயிரின் காதுபடக் கெட்ட செய்தி பேசக் கூடாது. அன்று பத்ரா அதை மீறினாள். வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"சீக்கிரம் விளைஞ்சிடுங்க கண்ணுகளா. இல்லேன்னா உங்களை விட்டுட்டுத்தான் போகணும்."

"விட்டுட்டுப் போகாதேம்மா!" என்று நெல் நடுங்கியது. பாவம், அதற்கு உயர வளர நேரமில்லை, மணி பெருக்கவும் நேரமில்லை. குட்டைத் தாளும் ஒல்லி மணியுமாக, வழக்கத்தில் பாதிக் காலத்திலேயே பழுத்துவிட்டது.

பத்ரா அறுத்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு தெற்கே போனாள். வயலில் உதிர்ந்து கிடந்ததை லோக் பொறுக்கி விதைத்தான். வருஷத்துக்கு இரண்டு போகம் கண்டது. அரசரின் களஞ்சியங்கள் நிரம்பின. அந்தச் சோற்றைத் தின்றுதான் படை இன்னும் தெற்கே நடந்தது.

அங்கே பத்ரா புது வயலின் வரப்பில் உட்கார்ந்து, "இனி பயமில்லை, நிதானமா விளைங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். எதிரே யாரோ முளைக்குச்சி அடிக்கும் சத்தம் கேட்டது. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அவள் வரப்பில் அழுத அன்று முதல்தான் அந்த நெல் அத்தனை அவசரமாக விளைகிறது. பயம் தீர்ந்துவிட்டது என்று அதனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.