துண்டுக்கடியில் ஒரு கை

"சாமி, எம் பையன் இருப்பானுங்களா, போயிருவானுங்களா?"

பாதி மலை ஏறி, சுனையடிக்கு வந்து, மூச்சு வாங்க நின்று சென்னியப்பன் இதைத்தான் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சாமி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"செருப்பு," என்றார்.

சென்னியப்பன் கழற்றினார்.

"இப்பக் கேளுங்க பெரியவரே."

"எம் பையன் இருப்பானுங்களா, போயிருவானுங்களா?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சாமி பழத்தைத் தின்றார்.

முதலில் இந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

சாமிக்கு முப்பத்தாறு வயது. முன்னே டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் மலையடிவாரத்தில் வண்டி நின்றது, இறங்கினார், மறுபடி ஏறவில்லை. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு. ஆறு ஏக்கர் தோட்டம், வற்றாத கிணறு, செவ்வாய்க்கிழமை சந்தையில் மாட்டு வியாபாரம். அவரை யாரும் சீடனாகச் சேர்க்கவில்லை. அமாவாசைக்கு அமாவாசை வந்து சுனையைச் சுற்றிக் கூட்டிவிட்டு, அவராகவே சேர்ந்துகொண்டார்.

"தோட்டத்தைக் கோழிப்பண்ணைக்காரர் கேக்கறாருங்க," என்றார் சென்னியப்பன். "வெள்ளிக்கிழமை பதில் சொல்லோணும். பையன் இருக்கறான்னா விக்க மாட்டேன். போறான்னா எனக்கு எதுக்குங்க ஆறு ஏக்கரு?"

"பையன் என்ன பண்றாரு?"

"லோகுங்களா? பஸ் ஸ்டாப்புல தீவனக் கடை வெச்சிருக்கான். ஆனா ஒண்ணும் புடிபடலீங்க. போன வாரம் வரப்போரமா நாலு தென்னங்கன்னு நட்டான். சரி, இருக்கறான்னு நெனச்சேன். மறுநா ஃபோன்ல எவன்கிட்டயோ வெளியூர்ல வீட்டு வாடகை விசாரிக்கறான். சரி, போறான்னு நெனச்சேன். நேத்து என்னடான்னா கிணத்து மோட்டாரைக் கழட்டித் தொடைச்சிட்டிருக்கான். தொடைக்கறது ஓட்டறதுக்கா, விக்கறதுக்கா? தூக்கமே இல்லீங்க."

"அவரையே கேட்டீங்களா?"

சென்னியப்பன் சாமியைப் பாவமாகப் பார்த்தார். விவரம் தெரியாதவரைப் பார்க்கிற பார்வை.

"கேக்கறதுங்களா? முப்பது வருசமா சந்தைக்குப் போறனுங்க. வாயைத் தொறந்தவன் தோத்தான். அவனாச் சொல்லட்டும்னு இருக்கேன்."

"அவரு உங்களக் கேட்டாரா?"

"அவனெப்படிக் கேப்பான்? பத்து வயசுல இருந்து சந்தைக்குக் கூட்டிட்டுப் போயிப் பழக்குனதே நான்தானுங்க."

"வீட்டுல அம்மா என்ன சொல்றாங்க?"

"பாப்பாத்தி எங்கீங்க சொல்றா, வையறா. 'ஒரே தறியில கட்டுன மாடாட்டம் ஆளுக்கொரு தெசை பாத்து அசை போடுங்க'ங்கறா."

சாமி சிரித்தார். பழத்தோலைப் பக்கத்தில் கட்டியிருந்த தன் ஆட்டுக்குப் போட்டார். எழுந்து போய்ப் பாறையில் காய்ந்த தன் துண்டை எடுத்து வந்தார்.

"கையைக் குடுங்க. வெலை பேசுவோம்."

சந்தையில் மாட்டுக்கு விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் கையோடு கை சேர்த்து மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். பேச்செல்லாம் விரல் பிடிப்பதில்தான். ஒரு விரலுக்கு ஒரு கணக்கு. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

சென்னியப்பன் கையை நீட்டினார். சாமி துண்டைப் போட்டார்.

"எதுக்குங்க வெலை?"

"பேசுங்க, சொல்றேன்."

சென்னியப்பன் இரண்டு விரலைப் பிடித்துப் பார்த்தார். சாமியின் கை சும்மா இருந்தது. மூன்றைப் பிடித்தார். சும்மாவே இருந்தது. ஐந்தையும் பிடித்தார். செத்த மீன் மாதிரிக் கிடந்தது கை.

"சாமி, நீங்க விக்கறீங்களா, வாங்கறீங்களா?"

சாமி பேசவில்லை.

"பொருள் என்னன்னாச்சும் சொல்லுங்க."

பேசவில்லை.

சென்னியப்பனுக்கு வந்தபோது ஒரு குழப்பம் இருந்தது, இப்போது இரண்டாகிவிட்டது.

"நாளைக்குப் பையனைக் கூட்டிட்டு வாங்க," என்றார் சாமி. "எதுக்குன்னு சொல்ல வேண்டாம்."

"எனக்கே தெரியாதுங்களே."

"அப்பச் சிரமமில்ல."

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். லோகுவுக்கு இருபத்தொன்பது வயது. அப்பாவின் தோள், அப்பாவின் நடை, அப்பாவைப் போலவே வாய் திறக்காத முகம்.

"உக்காருங்க," என்றார் சாமி. "எதிரும் புதிருமா. கையைக் குடுத்துக்குங்க."

கொடுத்துக்கொண்டார்கள். சாமி துண்டைப் போட்டு மூடினார்.

"வெள்ளிக்கிழமைச் சமாச்சாரத்தப் பேசி முடிச்சுக்குங்க. சந்தை மொறைதான், வாயைத் தொறக்கக் கூடாது."

சாமி ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார்.

சென்னியப்பன் மகனின் முகத்தைப் பார்த்தார். மகன் சுனையைப் பார்த்தான்.

இரண்டு விரலைப் பிடித்தார். எதற்கு இரண்டு? அவருக்கே தெரியவில்லை. விட்டார்.

லோகு மூன்று விரலைப் பிடித்தான். பிறகு அவனும் விட்டான்.

நாலு, ஐந்து, அரை, முக்கால், பல் பார்த்தது, சுழி பார்த்தது என்று எல்லாவற்றுக்கும் சென்னியப்பனின் கையில் பிடி இருந்தது. முப்பது வருசத்துப் பிடி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு மந்தையையே கைமாற்றிவிடுவார்.

இப்போது ஒவ்வொரு விரலாகத் தேடினார். ஆள்காட்டி விரலில் இல்லை. நடுவிரலில் இல்லை. சுண்டுவிரல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். அவர் சொல்ல வேண்டியதற்கு விரல் இல்லை.

வெயில் பாறைமேல் ஏறியது. துண்டுக்குள் இரண்டு கையும் நசநசத்தன.

கடைசியில் மகனின் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார்.

லோகு திடுக்கிட்டான். சந்தையில் யாரும் மணிக்கட்டைப் பிடிப்பதில்லை.

"சாமி!" என்று கத்தினான். "அப்பா மணிக்கட்டைப் புடிக்கறாருங்க. இதுக்கு என்னங்க கணக்கு?"

"புடிச்சவரக் கேளுப்பா," என்று தழைக்குள்ளிருந்து குரல் வந்தது.

லோகு திரும்பினான்.

"என்னங்கப்பா?"

சென்னியப்பனின் தாடை அசைந்தது. சந்தையில் தோற்கப்போகிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த முகத்தோடு சொன்னார்.

"நீ இருக்கோணும்டா."

ஒரு காகம் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது.

"என்னால முடியாதுங்கப்பா," என்றான் லோகு. "கடையை டவுனுக்கு மாத்தறேன். வீடு பாத்தாச்சு."

சென்னியப்பன் பிடியை விடவில்லை.

"அப்புறம் எதுக்குடா தென்னங்கன்னு நட்டே?"

"நீங்க எளநி குடிப்பீங்கன்னு."

"மோட்டாரு?"

"நான் போனதுக்கப்புறம் அது மக்கர் பண்ணுனா நீங்க ஒத்தையில தண்ணி இழுப்பீங்களே."

சென்னியப்பன் இன்னொரு கையால் தலையைச் சொறிந்தார்.

"அப்பத் தோட்டத்த விக்க வேண்டாம்ங்கறயா?"

"நான் எப்பங்கப்பா விக்கச் சொன்னேன்? நீங்க ஓஞ்சு போயிட்டீங்க, அதான் விக்கறீங்கன்னு நெனச்சேன். கோழிப்பண்ணைக்காரர் வந்தப்பக்கூட ஒண்ணும் பேசாம காபி கொண்டாந்து குடுத்தேன்."

"நீ காபி குடுத்ததப் பாத்துத்தான்டா நான் சரி, இவனுக்கு விக்கறதுல இஷ்டம்னு நெனச்சேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புதிதாக வந்த மாட்டைப் பார்ப்பது போல.

"வெள்ளிக்கிழமை வேண்டாம்னு சொல்லிருங்கப்பா," என்றான் லோகு.

"சொல்லீர்றேன். ஆனா நீயும் இல்ல, எனக்கும் வயசாகுது. நாளைக்கு யாரு பாக்கறது?"

"தெரியலீங்கப்பா."

"எனக்குந் தெரியலியே."

சாமி தழைக்கட்டோடு வந்தார். ஆட்டுக்குப் போட்டார்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

"இப்ப என்னங்க சாமி பண்றது?"

சாமி குனிந்து அவர்கள் கைமேல் கிடந்த துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் குளிக்கோணும்," என்று சுனையில் இறங்கினார்.