பத்துச் சீட்டு சேரும் வரை

மலையடிவாரத்து மடத்தில் ஓர் இலவச வைத்தியசாலை. நடத்தியவர் மரகதவல்லி அம்மா, வயது நாற்பது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சிங்காரவேலருக்கு அறுபத்திரண்டு. மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அதிகாரம் இன்னும் வேலையில் இருந்தது.

ஒருநாள் காலை நோட்டோடு வந்து நின்றார்.

“ரொம்ப நேரம் காக்க வைக்கிறோம்னு ஜனங்க புலம்புறாங்கன்னீங்களே? ஒரு வாரம் கடிகாரமும் கையுமா நின்னு அளந்துட்டேனுங்க. பேர் எழுத ஒரு நிமிஷம். நாடி பார்க்க நாலு. மருந்துச் சீட்டு எழுத ரெண்டு. கஷாயம் கலக்க மூணு. மொத்தம் பத்தே நிமிஷம்! புலம்புறது அவங்களுக்குப் பழகிப்போச்சுங்க.”

அம்மா நோட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து உள்ளே வந்த பூவாத்தாளின் கைக்குழந்தைக்கு நாடி பார்த்தார். நல்ல காய்ச்சல். சீட்டு எழுதினார்.

“பயப்படாதே, கஷாயம் உள்ளே போனா இறங்கிடும். ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கே, கொஞ்சம் கண்ணசரு. மருந்து வர்ற வரைக்கும் இவர் வச்சிருப்பார்.”

குழந்தை சிங்காரவேலர் தோளுக்கு வந்தது. சீட்டு மரப்பெட்டிக்குள் விழுந்தது.

பத்து நிமிஷம்தானே என்று நடந்தார். தட்டிக்கொடுத்தார். குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. வீறிட்டு அழுதது, பிறகு அழத் தெம்பில்லாமல் முனகியது. அரை மணி போயிற்று. ஒரு மணியும் போயிற்று.

சீட்டுகளை மருந்தறைக்குக் கொண்டுபோகும் ராக்கியப்பன் பெட்டியருகே தூணில் சாய்ந்திருந்தான்.

“யோவ், நின்னுட்டே இருக்கியே! எடுத்துட்டு ஓடுய்யா!”

“ஏழுதானுங்க சேர்ந்திருக்கு.”

“அதனாலென்ன?”

“பத்துச் சேர்ந்தா ஒரே நடையா எடுத்துட்டுப் போ, வீணா நடக்காதேன்னு போன மாசம் நீங்கதானுங்களே சொன்னீங்க?”

சிங்காரவேலர் பெட்டியைக் கவிழ்த்து ஏழு சீட்டையும் அள்ளினார். குழந்தையை அணைத்தபடி மருந்தறைக்கு அவரே ஓடினார். மில்லில்கூட அவர் அப்படி ஓடியதில்லை.

கஷாயம் உள்ளே போயிற்று. மதியத்துக்குள் வியர்த்துக் கொட்டி, குழந்தை தாய் மடியில் தூங்கியது. ஒரு சீட்டு விழுந்தாலும் உடனே எடுத்துப் போக வேண்டும் என்று ராக்கியப்பனிடம் சொல்லிவிட்டு, சிங்காரவேலர் அம்மாவிடம் வந்தார். வெட்கமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

“தப்பு என்னோடதுங்க. ஆனா நான் அளந்ததுல ஒரு நொடி பிசகில்லை. ஒவ்வொரு வேலையும் ஆரம்பிச்சதும் கடிகாரத்தை ஓடவிட்டேன், முடிஞ்சதும் நிறுத்தினேன். அந்த ஒரு மணி நேரம் எப்படிங்க என் கண்ணுல படாமப் போச்சு?”

அம்மா கேட்டார்:

“நீங்க கடிகாரத்தை நிறுத்தினப்போ எல்லாம், காத்திருந்தவங்களுக்குக் காய்ச்சலும் நின்னுச்சா?”